பார்ட்டு அண்ணனும் ஏழு தெரு நடந்த தறியும்

உலகத்திலேயே ஒரே ஒரு ஜோடி செருப்பைத் தொலைக்க ஆறு நாள் எடுத்துக்கிட்ட மனுஷன் எங்க பார்ட்டு அண்ணன் ஒருத்தர்தான். நமக்கெல்லாம் கோயில் வாசல்ல விட்டா ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். அவர் செருப்பு அப்படி இல்ல. அவரே செஞ்சது. அடி தனி, குதி தனி, வார் தனி, கட்டைவிரல் வளையம் தனி. எல்லாத்தையும் சின்னச் சின்ன நட்டு போட்டு மாட்டியிருப்பார். திங்கக்கிழமை ஒரு வார் போச்சு. செவ்வாக்கிழமை ஒரு குதி போச்சு. எவனோ ஒரு புண்ணியவான் தன் செருப்புக்கு ஸ்பேர் எடுத்துக்கினே இருந்திருக்கான். சனிக்கிழமை வெறுங்காலோட வந்து வாசல்ல நின்னார்.

"என்னாண்ணா, மொத்தமும் போச்சா?"

"போச்சும்மா. ஆனா ஒரு நாளும் மொத்தமா போவல பாரு. வியாழக்கிழமை வரைக்கும் நடந்தேனே!"

முகத்துல அப்படி ஒரு திருப்தி. இவரைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு எனக்குத் தெரியல. திட்டினேன்.

அவர் நிஜப் பேர் எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்ப மாட்டார். முசரவாக்கத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில பதினோரு வருஷம் வேலை. என்ன வேலைன்னா, கதவு மாட்டுறது. அதுவும் முன்பக்கத்து இடது கதவு மட்டும். வலது கதவு மாட்டுறவங்களைப் பத்திப் பேசும்போது ஏதோ வெளிநாட்டுக்காரங்களைப் பத்திப் பேசுற மாதிரி பேசுவார். அந்த வேலை போனதுக்கப்புறம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நாங்க குடியிருந்த வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாலு குடித்தனம், ஒரு குழாய், ஒரு வீட்டுக்கார அம்மா. எங்களுக்கு ரெண்டு ரூம். ஒண்ணுல நானும் எங்க வீட்டுக்காரரும், இன்னொண்ணுல எங்க தறி. தறி இருந்த ரூம்தான் பெருசு.

பார்ட்டு அண்ணன் கடைசி ரூம். மிக்ஸி, ஃபேன், மோட்டார்னு ரிப்பேர் பாத்துப் பொழைச்சார். ரிப்பேருக்குக் குடுத்தா சரியாத்தான் வரும். ஆனா குடுத்த மாதிரி வராது. என் மிக்ஸி திரும்பி வந்தப்ப நாலு துண்டா வந்துச்சு. "இனிமே எது கெட்டாலும் அதை மட்டும் கொண்டா"ன்னார். சட்னி அரைக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு மிக்ஸியைக் கட்டணும்.

அவர் கொள்கை ஒரே வரிதான். எப்பேர்ப்பட்ட பெரிய மெஷினா இருந்தாலும் பார்ட் பார்ட்டா இருக்கணும். ஒண்ணு கெட்டா அதைக் கழட்டி வேற மாட்டணும். மத்ததுக்கு விஷயமே தெரியக் கூடாது. "பார்ட்டு எப்படி வேணா இருக்கட்டும்மா, ஜாயிண்ட்டு மட்டும் ஒரே மாதிரி இருக்கணும்." இதைக் காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, குழாயடியில தண்ணி வராதப்பல்லாம் ஒரு தடவை சொல்லுவார். கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போகும்போது கும்பிட மறந்தாலும் மறப்பார், எவர்சில்வர் கடையில அடுக்கு கேரியரைப் பாத்தா கன்னத்துல போட்டுக்குவார். சாம்பார் கெட்டுப் போனாலும் மேல் தட்டுல இருக்குற சாதத்துக்கு ஒண்ணும் ஆகாதாம். இதைவிடப் பெரிய இன்ஜினியரிங் உலகத்துல இல்லையாம்.

இதனாலேயே நம்ம ஊர் கோயில் இட்லியோட அவருக்கு ஜென்மப் பகை. மூங்கில் குடலையில மாவை ஊத்தி ஒரே தூணா வேக வெக்கிறாங்களே, அது தப்பாம். டிபன் கடைக்காரர்கிட்டப் போய் ஒரு மணி நேரம் சண்டை. "நடுவுல ஒரு எடத்துல வேகலைன்னா மொத்த இட்லியும் ஃபெயிலாச்சே, அதைக் கழட்டவும் முடியாதே?" அந்த மனுஷன் பொறுமையா, "வேகாம நான் எப்பப்பா குடுத்தேன்?"னு கேட்டுட்டு மூணு வில்லை வெட்டி இலையில வெச்சார். அண்ணன் மூணையும் சாப்பிட்டுட்டு நாலாவதுக்கு இலையை நகர்த்தினார். கொள்கை வேற, பசி வேற.

டீக்கடை பெஞ்சு கதை இன்னும் மோசம். கால் ஆடுதுன்னு சொன்ன பாவத்துக்கு, அதை நாலு பேருக்கு நாலு சீட்டாப் பிரிச்சு, வேணும்னா மாட்டி வேணாம்னா கழட்டுற மாதிரி பண்ணிக் குடுத்தார். ஒரு வாரத்துல மூணு சீட்டு காணோம். டீ குடிச்சிட்டு எழுந்து போறவன் தன் சீட்டைக் கையோட எடுத்துக்கினு போயிட்டான். எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்: "ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் ஒரு மறைதான் கழண்டிருக்கும். இவருக்கு ஒண்ணைக்கூட இன்னும் மாட்டவே இல்ல."

ஆனா மத்தியானத்துல அவர் வேற மனுஷன்.

வெயில் உச்சிக்குப் போனதும் தெரு அப்படியே அடங்கிடும். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் மட்டும் கேக்கும். எங்க தறி ரூம் ஜன்னல் வழியா ஒரு பட்டை வெளிச்சம் வந்து, நீளவாக்குல இழுத்துக் கட்டின பாவு நூல் மேல விழும். அந்த நேரத்துல அண்ணன் வாசப்படியில வந்து உக்காந்து, கண்ணைப் பாதி மூடிக்கினு, கண்ட கனவையெல்லாம் சொல்லுவார். நான் குறுக்கு நூலைக் கொண்டு போற நாடாவை ஓட்டிக்கினே கேப்பேன். ஒரு நாள் கோபுரத்தை நிலை நிலையாத் தூக்கி இறக்கி, தெப்பக்குளத்துல கழுவி, வெயில்ல காய வெச்சு, திரும்ப அடுக்கினாங்களாம். இன்னொரு நாள் மழை வந்துச்சாம். தண்ணி நிக்கிற தெருவையெல்லாம் கழட்டிப் பரண் மேல வெச்சிட்டாங்களாம்.

"மண்டபத்துத் தூணெல்லாம் குளிக்கப் போச்சும்மா" – இது அவர் சொன்ன கனவுலயே எனக்குப் புடிச்சது. "ஒவ்வொண்ணா எறங்கி, குளத்துப் படியில நடந்து போச்சு. எல்லாம் ஈரத்தோட திரும்பி வந்து அது அது எடத்துல நின்னுச்சு. ஒண்ணை மட்டும் காணோம். மேல்கூரை அப்படியே காத்துக்கினு இருக்குது. சரின்னு நான் போய் அந்த எடத்துல நின்னேன்."

"அப்புறம்? அந்தத் தூணு வந்துச்சா?"

"முழிச்சிட்டேன்" அப்படின்னார். சொல்லிட்டு எழுந்து வந்து என் தறியைக் குனிஞ்சு பாத்தார்.

அவருக்குப் பிடிபடாத ஒரே விஷயம் எங்க கோர்வை. காஞ்சிபுரம் சேலையில உடல் வேற, கரை வேற. தனித்தனி நாடா. அதனாலதான் ரெண்டு ஆள் வேணும். நான் ஒரு பக்கம், எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம். ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கும். அதுதான் கோர்வை. நெய்த துணியை விரல்ல தடவிப் பாத்துட்டு ஒரு நாள் கேட்டார்.

"கரை தனி பார்ட்டு, உடல் தனி பார்ட்டு. அப்ப கழட்ட வரணுமேம்மா?"

"வராதுண்ணா. சேலையே நைஞ்சு போனாலும் கரை விடாது."

"கரையை மட்டும் மாத்தணும்னா?"

"ஏன் மாத்தணும்?"

திரும்ப ஒரு தடவை தடவினார். மறுநாளும் வந்து தடவிப் பாத்தார். அதுல ஏதோ குறை இருக்குதுன்னு அவருக்கு உறுதி, எங்கேன்னுதான் தெரியல.

ஒரு மத்தியானம் வாய் சும்மா இல்லாம நான்தான் கேட்டேன், ஏண்ணா கம்பெனியை விட்டீங்கன்னு.

"நான் எங்கம்மா விட்டேன்? காய்ச்சல்னு ஒரு வாரம் படுத்தேன். திரும்பிப் போனா என் எடத்துல வேற ஒரு தம்பி நிக்கிறான். என் ஸ்பேனர், என் குல்லா. கதவு வருது, மாட்டுறான், போவுது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். லைனு ஒரு செகண்டு நிக்கலம்மா. அவ்ளோ கரெக்டா மாட்டியிருக்காங்க." காத்துல ஒரு நட்டைத் திருகிக் காட்டினார். "நல்ல டிசைனுன்னா அதாம்மா."

பெருமையா சொன்னார், கேட்டீங்களா? பெருமையா! எனக்கு வந்த கோபத்துல நாடாவை அழுத்தி ஓட்டி ரெண்டு இழையை அறுத்தேன். அந்த அறுந்த இழைக்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன்.

இப்படிப் போய்க்கினு இருந்தப்பதான் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் அழுதுக்கினே வந்தாங்க. தெலுங்குக்காரங்க. சந்தோஷத்துலயும் துக்கத்துலயும் தெலுங்கு, அதட்டுறதுக்கு மட்டும் தமிழ். அன்னிக்கு முழுக்கத் தெலுங்கு. அவங்க பையன் வீட்டை வித்துட்டான். வாங்கினவங்க முதல்ல ரெண்டு மாசம் டைம்னாங்க, இப்ப மாத்திப் பேசுறாங்க. வர்ற திங்கக்கிழமை இடிக்க ஜேசிபி வருது.

எங்களுக்கு வேற வீடு கெடைக்கறதுல கஷ்டம் இல்ல. ஏழு தெரு தள்ளி, மாடியில ஒரு ரூமோட ஒரு பழைய வீடு அமைஞ்சுது. கஷ்டம் தறியில இருந்துச்சு. ஒரு முகூர்த்தச் சேலை பாதி நெய்து நிக்குது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அந்தக் கல்யாணப் பொண்ணு வாரா வாரம் வீடியோ கால்ல வந்து, "அக்கா, எவ்ளோ வளந்துச்சு காட்டுங்க"ன்னு ஏதோ வயித்துப் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கும். நெய்து முடிக்க இன்னும் பத்து நாள் வேணும். கல்யாணத்துக்கு ரெண்டு வாரம். திங்கக்கிழமைக்கு நாலு நாள்.

தறிக்காரங்க யாரும் பாதிச் சேலையோட வீடு மாத்த மாட்டாங்க. நெய்து முடிச்சு, அறுத்து எடுத்துட்டுத்தான் தறியைப் பிரிப்பாங்க. குழித்தறின்னா தரைக்குள்ள குழி, நாலு கம்பம், மேல டிசைன் போடுற ஜக்கார்டு பெட்டி, அதுல இருந்து மழை மாதிரி எறங்குற கயிறு, அத்தனை கயிறுக்குள்ளயும் நூலு. நடுவுல பிரிச்சா இழை இழையாத் திரும்பக் கோக்கணும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சீமந்தமே வந்துடும். எங்களுக்குப் பாவு குடுத்து நெய்யச் சொல்ற முதலாளிக்குப் போன் பண்ணினோம். "பாதியில அறுத்தீங்கன்னா அறுத்ததுதான். அடுத்த பாவு வேற ஆளுக்குப் போயிடும்" அப்படின்னு வெச்சிட்டார். எங்க வீட்டுக்காரர் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டார். நான் அடுப்பைப் பத்த வெக்கவே இல்ல.

பார்ட்டு அண்ணன் வந்தார். கண்ணு ரெண்டும் தீவாளி.

"அழாதம்மா. நான் கழட்டித் தரேன்."

"அண்ணா, நீங்க இந்த ரூமுக்குள்ளயே வராதீங்க!"

கொல்லையில எங்க மாமனார் காலத்துப் பழைய தறி ஒண்ணு, கழிவுப் பாவோட தூங்கிக்கினு இருந்துச்சு. அதுல செஞ்சு காட்டறேன்னார். காட்டினார். மரத்துல எங்கெல்லாம் பொருத்து இருக்குதோ அங்கெல்லாம் அழகாப் பிரிச்சார். கட்டை தனி, அச்சு தனி, கயிறு தனி. பிரிச்சு முடிச்சப்ப நூலெல்லாம் குருவிக் கூடா ஆயிடுச்சு. அதுக்கு நடுவுல அவர் கை ரெண்டும் மாட்டிக்கினு, வெளிய எடுக்க எங்க வீட்டுக்காரர் கத்திரிக்கோலோட போக வேண்டி வந்துச்சு.

எனக்கு ஆத்திரம் தாங்கல. "மரத்தையே பாத்தா எப்படிண்ணா? நூலைப் பாருங்க! எது எது ஒண்ணை ஒண்ணு விட்டா செத்துப் போவுமோ அதையெல்லாம் பிரிக்கவே கூடாது. அதெல்லாம் சேந்துதான் ஒரு பார்ட்டு. விட்டாலும் பொழைச்சிக்கிறதைத்தான் கழட்டணும். பதினோரு வருஷம் என்னத்த கழட்டினீங்க?"

அவ்ளோதான் சொன்னேன். மனுஷன் வாயைத் தொறக்கல. மத்தியானம் தாண்டியும் தொறக்கல. குழாயடியில ஜனமெல்லாம் பயந்துடுச்சு. சாயந்திரம் நாலு மணிக்கு எங்க வாசல்ல வந்து நின்னு, ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி, "நூல் இருக்குற எடம் முழுக்க ஒரே பார்ட்டு! அதாம்மா! அதேதான்!"னு கத்தினார்.

அப்புறம் ரெண்டு நாள் அவர் சாப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. கடைங்கள்ல ரேக்குக்கு வெக்கிற ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தை வாங்கி, தறியோட நடுப்பகுதியைச் சுத்திக் கூண்டு மாதிரி கட்டினார். துணி சுத்துற கட்டை, இழையை அடிச்சு நெருக்குற அச்சு, கயிறு, மேல ஜக்கார்டு பெட்டி, பின்னாடி ரெண்டு முழம் பாவு, எல்லாம் இருக்குற விறைப்பு மாறாம அப்படியே கூண்டுக்குள்ள. மீதிப் பாவைக் கைப்பிள்ளை மாதிரி வெள்ளைத் துணியில சுத்தித் தொங்க விட்டாச்சு. கம்பம், மிதிகட்டை, உக்காருற பலகை இதெல்லாம்தான் கழட்டினது. புது வீட்டுல அதே அளவுல குழி, அதே எடைவெளியில கம்பம். "ஜாயிண்ட்டு ரெண்டு வீட்லயும் ஒண்ணா இருக்கணும்"னு சொல்லிச் சொல்லி நூறு தடவை டேப்பு புடிச்சு அளந்தார்.

வண்டியில ஏத்தினா நம்ம ரோட்டுக் குலுக்கல்ல பாவு செத்துடும். அதனால எங்க தெரு முருகன் கோயில் பல்லக்குத் தூக்குற ஆளுங்களைக் கேட்டோம். திருவிழாவுக்குச் சாமி தூக்குவாங்க, மத்த நாள்ல அவங்களும் தறிக்காரங்கதான். அவங்களுக்குத் தலைவர் கோபு. தோள்பட்டையில கருங்கல்லு மாதிரி காய்ப்பு. வந்து கூண்டை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "சாமியாவது கொஞ்சம் ஆடினா மன்னிச்சிடும். பட்டு மன்னிக்காது" அப்படின்னார். கோயில்ல இருந்து பல்லக்குத் தண்டு ரெண்டு வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தூக்கினோம். பார்ட்டு அண்ணன் முன்வரிசையில தோள் குடுத்தார். முதுகுல ஒரு பை. அவர் ரூமே அந்தப் பைக்குள்ள. அவருக்கும் அந்த வீடு காலிதானே, எங்கே போறீங்கன்னு யாரும் கேக்கல. எனக்கு என் தறி ஞாபகம். சொல்லவே வெக்கமா இருக்குது.

அந்த நடையை நான் எப்படிச் சொல்றது? முன்னாடி நாலு பேர், பின்னாடி நாலு பேர், சாமி தூக்குற அதே அசைவு. மஞ்சள் சேலை பாதி நெய்தபடியே ஆள் உசரத்துல மிதந்துக்கினு போவுது. காலை வெளிச்சம் கயித்துக்கு ஊடால பூந்து பட்டு மேல தண்ணி மாதிரி ஓடுது. ரெண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். நாங்க கிட்ட வர வர அந்தந்த வீட்டுச் சத்தம் நிக்கும். ஜனம் வாசல்ல வந்து பாக்கும். நாங்க தாண்டினதும் திரும்ப ஆரம்பிக்கும். தெரு முழுக்க அந்த மௌனம் எங்களோடயே நடந்து வந்துச்சு. எங்கேயோ கல்யாண மண்டபத்துல நாயனம் வேற. நான் பின்னாடியே நடந்தேன், கால் தரையில படுதான்னே தெரியல.

ஒரு அம்மா கற்பூரத் தட்டோட ஓடி வந்து, "எந்தக் கோயில் சாமிம்மா?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கூச்சத்துல, "எங்க வீட்டுதுங்க"ன்னார். அந்த அம்மா ஆரத்தி காட்டிட்டுத்தான் போனாங்க. பூக்காரங்க கனகாம்பரம் ஒரு முழம் போட்டாங்க. பின்னாடி ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஒண்ணு மாட்டிக்கினு ஹாரன் அடிச்சுது. டிரைவர் எட்டிப் பாத்தான், ஹாரனை நிறுத்தினான், காலைத் தூக்கிச் செருப்பைக் கழட்டினான்.

மூணாவது தெருவுல கூண்டு ஒரு பக்கம் சாஞ்சுது. பார்ட்டு அண்ணன் குள்ளம். மத்தவங்க தோளுக்கு அவர் தோள் நாலு விரல் கம்மி. கோபு, "தோள் மாத்து!"ன்னார். வேற ஒரு ஆள் நடந்துக்கினே உள்ள பூந்து தண்டை வாங்கினான். அண்ணன் வெளிய வந்தார். தறி ஒரு நொடி நிக்கல. அப்படியே மிதந்து போச்சு.

அண்ணன் அங்கேயே நின்னு பாத்தார். அந்த முகத்தை நான் பாத்தேன். பையைச் சரி பண்ணிக்கினு மெதுவா பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினார்.

நான் தறியை விட்டு ரெண்டு அடி அவர் பின்னாடி போனேன். கோபுதான் திரும்பிப் பாக்காமலே கத்தினார்.

"யோவ் பார்ட்டு! எங்கய்யா போற?"

"நமக்குப் பதில்தான் ஆள் மாட்டியாச்சே, கோபு."

"யாரு சொன்னது? எறங்கினவன் பக்கத்துலயே நடந்து வரணும்யா! அதுதான் வழக்கம். அடுத்த தெருவுல யாரு தோள் வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? வாய்யா, விசிறு!"

அண்ணன் ஓடி வந்தார். துண்டை எடுத்து, தூக்குறவங்களுக்கெல்லாம் விசிறிக்கினே நடந்தார். மூக்கை மட்டும் அடிக்கடி துடைச்சார். தூசின்னார். அன்னிக்குத் தெருவுல தூசியே இல்ல.

புது வீட்டு வாசலுக்கு வந்தோம். வந்து நின்னோம். நின்னுக்கினே இருந்தோம். ஏன்னா கூண்டு வாசல்ல நுழையல. மேல ஜக்கார்டு பெட்டி நெலையில இடிக்குது. பழைய வீட்டு வாசல் உசரம், அங்க இடிக்கல. குழியை அளந்தவர், கம்பத்தை அளந்தவர், ரெண்டு வீட்டுச் சுவரையும் அளந்தவர், வாசக்கதவை மட்டும் அளக்கல. பதினோரு வருஷம் கதவே கதின்னு கெடந்த மனுஷன்!

"யோவ், வெயில் ஏறுதுய்யா!" தண்டைத் தோள்ல இறுக்கிக்கினு கோபு கத்தினார். வெயில் நேரா அடிச்சா பட்டு காஞ்சு பட்டுப் பட்டுன்னு அறுந்து போக ஆரம்பிச்சிடும். சாய்க்கவும் முடியாது, கீழ வெக்கவும் முடியாது. என் புடவைத் தலைப்பை விரிச்சுப் பாவு மேல நிழல் புடிச்சேன். எங்க வீட்டுக்காரர் சட்டையைக் கழட்டி அவர் பக்கம் புடிச்சார்.

பார்ட்டு அண்ணன் கதவைப் பாத்தார். முன்ன பின்ன தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அவர் முகம் அப்ப ஒரு பூசாரி முகம் மாதிரி ஆயிடுச்சு. பையைக் கீழ போட்டார்.

"தோள் மாத்திக்கினே இருங்கப்பா. வந்துட்டேன்."

அவர் கை போன வேகத்தை இன்னிக்கும் நெனச்சா சிலிர்க்குது. கீல் ஒண்ணு, ரெண்டு, மூணு. கதவு வந்துடுச்சு. மேல குறுக்குக் கட்டை வந்துடுச்சு. அதுக்கும் மேல இருந்த கம்பி ஜன்னல், அதுவும் சட்டத்தோட வந்துடுச்சு. ரெண்டு தோள் மாத்துறதுக்குள்ள எங்க புது வீட்டுக்கு முகமே இல்ல. தறி தலை நிமிந்தபடியே உள்ள போச்சு. நாலு கம்பத்துல போய் உக்காந்தப்ப 'டக்'குன்னு ஒரே சத்தம். அவ்ளோதான். நூறு தடவை அளந்தது வீண் போகல.

நான் குழியில எறங்கி உக்காந்தேன். மிதிச்சேன், நாடாவை ஓட்டினேன், அச்சை இழுத்து அடிச்சேன். இழை ஏறுச்சு. மொத்தமா அறுந்திருந்தது மூணே மூணு இழை. நான் கோபத்துல அறுக்கறதை விட ஒண்ணுதான் அதிகம்.

பத்தாவது நாள் முதலாளி சேலையை விரிச்சுக் கட்டைவிரலால தடவிக்கினே வந்தார். ஒரு எடத்துல விரல் நின்னுச்சு. தறி நின்ன எடத்துல முடி அளவு ஒரு கோடு விழும். நெய்யறவங்க கண்ணுக்கு மட்டும் தெரியும்.

"இங்க தறி நின்னுச்சா?"

"நிக்கலங்க. நடந்துச்சு."

என்னை ஒரு மாதிரி பாத்தார். ஆனா அடுத்த பாவு எங்களுக்குத்தான் வந்துச்சு. கல்யாணப் பொண்ணு அந்தச் சேலையோட வீடியோ கால்ல வந்து அழுதுச்சு. நானும் அழுதேன். அண்ணன் போனுக்குள்ள எட்டிப் பாத்து, "கோர்வை நல்லா இருக்குதாம்மா? கழட்டிப் பாக்காத, வராது"ன்னு சொன்னார்.

ஆமா, அண்ணன் எங்ககூடத்தான் இருந்தார். அன்னிக்குக் கதவை மாட்டி முடிச்சிட்டுப் பையை எடுத்தவரை, "மாடியில ரூம் இருக்குது, மேல போய்ப் படுங்க"ன்னு நான் அதட்டினேன். வீட்டுக்கார அம்மா மாதிரி தெலுங்கு தெரியாததால, பாசத்துக்கும் அதட்டலுக்கும் ரெண்டுக்கும் தமிழ்தான் எனக்கு. நாலு வருஷம் இருந்தார். எங்க வாசக்கதவை இன்னிக்கும் ஒரே கையால தூக்கிக் கழட்டலாம். திருடனுக்கு இந்த விஷயம் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. தூண் கனவு மட்டும் திரும்ப ஒரு தடவை வந்துச்சாம். என்னாச்சுன்னு கேட்டேன். "அந்தத் தூணு வந்துச்சும்மா. நான் நகர்றேன்னேன். ரெண்டு பேருமே நிக்கலாம்னு சொல்லிடுச்சு"ன்னார்.

போன வருஷம் அவர் தங்கச்சிக்கு உடம்பு முடியலைன்னு முசரவாக்கம் போனார். அவங்களைப் பாத்துக்க வேற ஆள் இல்ல. பஸ் ஏறும்போது, "ரூமைச் சும்மா போட்டு வெக்காதம்மா, வேற யாரையாவது மாட்டிக்க"ன்னார். ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி மிக்ஸி ஓடுதான்னு விசாரிப்பார். ஓடலைன்னு சொல்லி வெப்பேன். அதைக் கேட்டுட்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போவார்.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பசங்க அப்பப்ப வந்து கதவைத் தட்டுறாங்க. நல்ல பசங்க. "அக்கா, மாடி ரூம் காலியா இருக்குதாமே, தருவீங்களா?"ன்னு கேக்குறாங்க.

"ஆள் இருக்காருப்பா"ன்னு சொல்லி அனுப்பிடுறேன்.